தண்ணீர் ஏறும் நேரத்து மாப்பிள்ளை

பூமணி அன்ரி தன் கைத்தொலைபேசியை என் இடியப்பத் தட்டுக்கு மேலே நீட்டினார். சொதிக்குள் விழுந்துவிடுமே என்று நான் தட்டைப் பின்னுக்கு இழுத்தேன். அவர் தொலைபேசியை இன்னும் முன்னுக்கு நீட்டினார்.

"வடிவாப் பாரும் தம்பி. மாப்பிள்ளையைப் பாக்கச் சொல்லேல்லை. அவருக்குப் பின்னாலை பாரும்."

மாப்பிள்ளைக்கு நாற்பது தாண்டியிருக்கும். முன்நெற்றி பின்வாங்கிய தலை, கழுத்துவரை இழுத்துவிட்ட கம்பளிச் சட்டை, பல் வைத்தியர் சொன்னதற்காக வாயைத் திறந்தவர் போல ஒரு சிரிப்பு. அவருக்குப் பின்னால் வட்டமாக ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே விளிம்புவரை தண்ணீர். தண்ணீருக்கு அப்பால் ஒரு குன்று, குன்றின்மேல் சாம்பல் நிறத்தில் நெடிதாக ஒரு தேவாலயம்.

அந்தத் தேவாலயத்தை எனக்குத் தெரியும். இரண்டு குளிர்காலம் அதைப் பார்த்துக்கொண்டு பல் துலக்கியிருக்கிறேன்.

"ஷோரம்" என்றேன்.

"என்ன?"

"இங்கிலாந்திலை ஷோரம் எண்டு ஒரு இடம். அது ஏடர் ஆறு. நான் இருந்த இடம் அன்ரி."

அன்ரி கதிரையை இழுத்து என் முன்னால் அமர்ந்தார். மெல்பேர்னில், டண்டினொங் பகுதியில் அவருடைய வீட்டுக்குப் பின்னால், கராஜை அறையாக்கிய இடத்தில் நான் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சாப்பாடு அவருடைய குசினியில். அதுவரைக்கும் நான் பின்னறைத் தம்பி. அந்தக் கணத்தில் நான் சாட்சியாகிவிட்டேன்.

"பாத்தீரோ, கடவுள் எப்பிடிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்" என்றார். "வட்ட ஜன்னல். பெரிய ஆர்க்கிடெக்ட் ஆரோ செய்த வீடு. முன்னாலை ஆறு. நல்ல இடமோ தம்பி?"

வட்ட ஜன்னல் எங்கே இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வாயில் இடியப்பம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"நல்ல இடம் அன்ரி" என்றேன்.

ஆறில்லாத ஊரிலிருந்து

ஹம்பர்க்கின் குளிர்களஞ்சியத்தில் மீன் பெட்டி தூக்கியதைப் பற்றி நான் முன்பு எழுதிய கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் ஒரு நாட்டிலும் ஒழுங்காக இருந்ததில்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருந்திருக்கிறேன். ஷோரத்தில் ஒழுங்காக இருந்தேன். ஆறுதான் ஒழுங்காக இருக்கவில்லை.

முதலில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. மாரியில் சில நாள் வந்து, எல்லாரையும் பார்த்துவிட்டுப் போய்விடும், கனடாவிலிருந்து வரும் உறவினர் போல. ஆகவே எங்கள் ஆட்களுக்கு ஆற்றங்கரை வீடு என்றால் அது அரண்மனைக்கு அடுத்த படி.

கடலும் எங்களிடம் அடக்கமாக நடந்துகொள்ளும். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் காலையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றால் மாலையிலும் ஏறக்குறைய கணுக்கால்தான். கடல் ஏறி இறங்குவதைப் பற்றிப் புவியியல் புத்தகத்தில் வற்றுப்பெருக்கு என்று ஒரு பாடம் இருந்ததாகச் சொல்கிறார்கள். அது எட்டாம் வகுப்புக்கு மேலே இருந்திருக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இங்கிலாந்துக்குப் போன புதிதில் பிரைட்டனில் ஒரு கறிக்கடையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நகரத்தில் வாடகைக்கு இடம் எடுக்கச் சட்டி கழுவினால் போதாது, சட்டி செய்யும் தொழிற்சாலை வேண்டும். கடைச் சமையல்காரர்தான் சொன்னார், ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் ஷோரம், அங்கே ஒரு கிழவர் தன் படகில் முன்பாதியை வாடகைக்கு விடுகிறார் என்று.

பழைய சரக்குப் படகு அது. கரையோடு கட்டிவைத்து, மேலே தகரமும் பலகையும் அடித்து வீடாக்கியிருந்தார்கள். அந்த வரிசையில் அப்படிப் பல படகுகள் இருந்தன. நான் பார்க்கப் போனது ஒரு மாலை நேரம். ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் தளதளவென்று நின்றது. வெயில் அதில் விழுந்து கூரையில் ஆடியது. இரண்டு அன்னங்கள் வேறு. நான் விலைகூடப் பேசவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் ஆறு இல்லை.

பொய்யில்லை. ஆறு இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சேறு. சேற்றில் கடைத் தள்ளுவண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அன்னங்கள் அதன் பக்கத்தில் வீடு விற்றவர்கள் போல நின்றன. அவித்த முட்டை கெட்டுப்போன மணம். யாரோ மேலே அணையை மூடிவிட்டார்கள் என்று நினைத்துக் கிழவரிடம் ஓடினேன். அவர் பெயர் ரொன்.

"ஆற்றுக்கு என்ன நடந்தது?"

ரொன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தேநீர் குடி. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடும்."

வந்தது. முதலில் சத்தம்தான் வரும், யாரோ கீழே காகிதத்தைக் கசக்குவது போல. பிறகு கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்ல முட்டும். கடைசியில், பஸ் சாரதி பிரேக்கை விட்டதுபோல் ஒரு குலுக்கல். வீடு சேற்றைவிட்டு எழுந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் வடிந்தால் வீடு மறுபடி இறங்கி, ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்துவிடும். தரையில் ஓர் உருளைக்கிழங்கு விழுந்தால் எந்த மூலையில் போய்த் தேடுவது என்பது எனக்கு மனப்பாடம்.

சின்ன ஆறு அது. சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து இறங்கி, மாடு மேயும் புல்வெளிகளைச் சுற்றிச் சுற்றி வரும். எங்களூர்க்காரர் பார்த்தால் வாய்க்கால் என்பார்கள். ஆனால் அதன் கடைசிப் பகுதியில் ஒரு விசேஷம். கடலுக்குப் பக்கத்தில் வந்தபிறகும் நேரே உள்ளே போக முடியாது. கூழாங்கல் மேடு ஒன்று குறுக்கே கிடக்கும். ஆறு அந்த மேட்டின் ஓரமாகவே நடந்து வாசல் தேடும். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த எனக்கு அந்த ஆற்றை உடனே பிடித்துப்போனது.

மேட்டைக் கடந்தால் கடற்கரை. மணல் கிடையாது, எல்லாம் கல். நடந்தால் கடகடவென்று நாலு வீட்டுக்குக் கேட்கும். ஒரு பக்கம் தூரத்தில் பிரைட்டனின் விளக்குகள். மறுபக்கம் வேர்திங். அங்கே கடலைவிடக் கடலைப் பார்க்கும் வாங்குகள் அதிகம், ஒவ்வொரு வாங்கிலும் ஓய்வூதியம் எடுக்கும் ஒரு தம்பதி, நடுவில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். லீவு நாட்களில் வேர்திங் வரைக்கும் நடந்து போய் அவர்களோடு அமர்ந்து நானும் கடலைப் பார்ப்பேன். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதற்காகவே போவேன்.

என் சட்டைகளில் பூஞ்சணம் பிடித்தது. குளிரில் காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றைப் பலகையில் நடந்து ஏறவேண்டும். ஒருநாள் சேற்றில் இறங்கி, காலில் இருந்த ஒரு சப்பாத்தை அதற்குக் கொடுத்தேன். இருந்தாலும் அதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன். அவற்றில் எதிலும் அன்னம் இருந்ததில்லை.

சுவரைத் தட்டிப் பார்த்த கல்யாணம்

பூமணி அன்ரியின் ஒரே மகள் தர்சினி. ட்ருகனினாவில் ஒரு களஞ்சியசாலையில் மேற்பார்வையாளர். பாரவண்டிச் சாரதிகள் அவளுக்குப் பயப்படுவார்கள். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முன்பே ஒருமுறை கல்யாணம் நடந்தது. அந்தச் சம்பந்தத்தை விசாரித்தவர் சிவலிங்கம் அங்கிள், அன்ரியின் இறந்துபோன கணவரின் தம்பி. எங்கள் ஆட்களிடம் மாப்பிள்ளை விசாரிப்பு என்பது கோயில் திருவிழா போல முறைப்படி நடக்கும் காரியம். ஊரில் என்றால் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள், வளவில் எத்தனை தென்னை என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். மெல்பேர்னில் கிணறு இல்லை. ஆகவே அங்கிள் ட்ருகனினாவுக்குப் போய், மாப்பிள்ளையின் புது மாடிவீட்டில் எல்லாச் சுவர்களையும் விரல் மொழியால் தட்டிப் பார்த்தார். எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினார். மேல்மாடியில் துள்ளியும் பார்த்தாராம்.

"வீடு தங்கம்" என்று வந்து சொன்னார்.

அது உண்மைதான். அந்த வீடு இன்றைக்கும் நன்றாக நிற்கிறது. தர்சினிதான் இரண்டாம் வருடம் இரண்டு சூட்கேசோடு அங்கிருந்து வந்துவிட்டாள். அவற்றைக் காரிலிருந்து இறக்கியவன் நான். கைப்பிடி ஒன்று உடைந்திருந்தது. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு மாதம் அவள் அம்மாவின் வீட்டில் கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் கையால் பிடித்துச் சாத்தியதை மட்டும் கண்டேன்.

"வீட்டிலை ஒரு குறையும் இல்லை" என்று அங்கிள் இன்றைக்கும் சொல்வார்.

இப்போதைய மாப்பிள்ளை குலேந்திரன். லண்டனில் நடந்த ஒரு செத்தவீட்டை நேரலையில் காட்டியபோது, இருவரும் அருகருகே அனுதாபம் எழுதியிருக்கிறார்கள். அதிலிருந்து தொடங்கியது. எட்டு ஒன்பது மாதமாகத் தொலைபேசியில் பேச்சு. தர்சினி வேலையை விட்டு, தன் யூனிட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு இங்கிலாந்து போவதென்று அவர்களுக்குள் முடிவு. அம்மாவின் சம்மதம் மட்டும் பாக்கி.

"என்ரை முழங்காலோடை நான் போய்ப் பாக்க ஏலாது" என்றார் அன்ரி. "வாற ஞாயிறு கோயிலிலை சிவலிங்கத்தார் கேப்பார். ஓமோ இல்லையோ எண்டு நான் ஒரு சொல்லுச் சொல்லவேணும். முதல்தரம் அவர் சொன்னதைக் கேட்டுப் பிள்ளையை அனுப்பினனான். இந்தமுறை நீர் சொல்லும் தம்பி. நீர் பாத்த இடம். உமக்குப் பொய் சொல்ல என்ன இருக்கு?"

பிந்திப் பிந்தி வரும் அழைப்பு

அந்த வாரம் முழுக்க வான் ஓட்டிக்கொண்டே யோசித்தேன். டண்டினொங் பலசரக்குக் கடைகளுக்குச் சாமான் இறக்குவது என் வேலை. அரிசி மூட்டை சுமக்கும்போது மூளைக்கு வேறு வேலை கிடையாது.

படகில் இருப்பது குற்றமில்லை. ஆனால் அதை வீடு என்று காட்டுவது? வட்ட ஜன்னலையும் நிறைந்த தண்ணீரையும் மட்டும் படம் பிடித்து அனுப்புவது? எனக்குப் போக்கிடம் இல்லாமல் அங்கே இருந்தேன். தர்சினிக்குப் போக்கிடம் இருக்கிறது, சொந்தப் பெயரில். அதை விட்டுவிட்டுப் பூஞ்சணத்துக்குள் போவதென்றால் அவள் தெரிந்துகொண்டு போகவேண்டாமா?

புதன்கிழமை அன்ரி ஒரு வார்த்தை சொன்னார். தானாகத்தான் சொன்னார்.

"அந்தப் பொடியனுக்கு என்ன ஷிப்ட் வேலையோ தெரியாது. ஒரு கிழமை ஒழுங்காப் பின்னேரத்திலை தர்சினிக்குக் கோல் எடுக்கும். ஆனா ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் எண்டு பிந்திப் பிந்தி. பிறகு ஒரு கிழமை ஆளே இல்லை. பிறகு திரும்பவும் வெள்ளனத் தொடங்கும்."

நான் கறிவேப்பிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஏடர் ஆறு அப்படித்தான் வரும். இன்றைக்கு வந்த நேரத்துக்கு நாளைக்கு வராது, முக்கால் மணியோ ஒரு மணியோ பிந்தும். மெல்பேர்னில் பின்னேரம் என்றால் அங்கே காலை. காலையில் தண்ணீர் நிறையும் நாட்களில் ஆள் தொலைபேசியில் இருக்கிறார். காலையில் சேறு தெரியும் நாட்களில் ஆள் இல்லை.

எங்கள் ஆட்கள் ராகுகாலம் பார்த்துப் பேசுவார்கள். இவர் வற்றுப்பெருக்குப் பார்த்துப் பேசுகிறார்! சேற்றை மறைக்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றவன் இதைக் கண்டுபிடித்துவிட்டானே என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அன்று மாலை வானைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன்.

சனிக்கிழமைக் குசினி

சனிக்கிழமை நல்ல வெக்கை. பின்னேரம் ஆகியும் குசினி ஜன்னலால் சூடான காற்றுத்தான் வந்தது. தர்சினி வந்திருந்தாள். அன்ரி வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நாளைக்குக் கோயில்" என்றார், எண்ணெயைப் பார்த்தபடியே. "என்ன சொல்லுறீர்?"

நான் தர்சினியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "அன்ரி, அது வீடில்லை. படகு."

அன்ரியின் அகப்பை எண்ணெய்க்குள் நின்றது.

"என்ன படகு?"

"பழைய படகு. கரையிலை கட்டி வைச்சிட்டு அதுக்குள்ளை இருக்கிறது. அந்த வட்ட ஜன்னல் ஆர்க்கிடெக்ட் வைச்சதில்லை, படகு கட்டினவன் வைச்சது. ஆறும் அரைநாளைக்குத்தான். மிச்ச நேரம் சேறு."

"அப்ப ஆறு எங்கை போறது?"

"கடலுக்கு."

"பிறகு?"

"பிறகு திரும்பி வரும்."

"ஆறு திரும்பி வாறதோ?" அன்ரி அகப்பையோடு திரும்பினார். "தம்பி, நீர் வெள்ளனவே தொடங்கிட்டீரோ?"

நான் குடிக்கவில்லை என்பதை நிரூபிக்க, பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, ஒரு பிளாஸ்டிக் பெட்டியை மிதக்கவிட்டு, அடைப்பானை இழுத்துக் காட்டினேன். பெட்டி கீழே போய் ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்தது. அன்ரி அதை நெடுநேரம் பார்த்தார்.

"இன்னொண்டும் இருக்கு" என்றேன். "தண்ணி நிரம்பி நிக்கிற நேரம் மட்டும்தான் அவர் கோல் எடுக்கிறார். சேறு தெரியிற நேரம் ஆளில்லை. இண்டைக்கும் எடுக்கமாட்டார் பாருங்கோ. இப்ப அங்கை தண்ணி வத்தின நேரம்."

சொல்லி முடித்துவிட்டுத் தர்சினியைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அல்லது நன்றி சொல்வாள் என்று. அவள் ஒரு வாழைக்காய்த் துண்டை ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, நீங்கள் பொலிசிலை சேர்ந்திருக்கலாம்" என்றாள். "சீரியஸா. எல்லாத்தையும் கண்டுபிடிச்சுப்போட்டுப் பிழையான ஆளைப் பிடிச்சிருக்கிறியள்."

கையைத் துடைத்தாள். தொலைபேசியை எடுத்து அழைத்து, மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்தாள்.

கனநேரம் அடித்தது. பிறகு திரையில் முதலில் வானம் தெரிந்தது. பிறகு கறுப்பாய், பாசி தொங்க, ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் வயிறு. பிறகு புருவத்தில் சேறு அப்பிய ஒரு முகம்.

"தர்சினி? என்ன, இந்த நேரம்? அம்மாக்கு ஏதும் சுகமில்லையோ?"

"இல்லை. அம்மா பக்கத்திலைதான் நிக்கிறா. நல்லா நிக்கிறா."

குலேந்திரன் பதறி நிமிர்ந்தார். தலை அந்த வயிற்றில் முட்டியது. அது ஒரு படகின் அடிப்பாகம்.

"வணக்கம் மாமி. கும்பிட ஏலாது, கையெல்லாம் சேறு."

"நீர் எங்கை நிக்கிறீர்?" என்றார் அன்ரி.

"ஆத்துக்குள்ளை மாமி."

அன்ரி என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "ஆத்தைக் காணேல்லை?"

"மத்தியானம் வரும். அதுக்கிடையிலை இதை முடிக்கவேணும். படகுகளின்ரை அடி சுரண்டுறதுதான் என்ரை வேலை. மட்டி, பாசி எல்லாம் சுரண்டிப்போட்டுப் பெயின்ற் அடிக்கிறது. தண்ணி வத்தினாத்தான் செய்ய ஏலும். தண்ணி ஏறினால் எனக்கு லீவு. அப்பதான் தர்சினிக்குக் கோல் எடுக்கிறனான்."

என் துப்பறிதல் அந்த இடத்தில் தரைதட்டியது. பெட்டி இன்னும் தொட்டியில் சரிந்தே கிடந்தது.

அன்ரி விடவில்லை. "படகிலை இருக்கிறன் எண்டு ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

குலேந்திரன் கண்ணைச் சுருக்கினார். உண்மையிலேயே விளங்காதவர் முகம். "முதல் கிழமையே சொன்னனான் மாமி. அம்மாக்கும் சொல்லிட்டன் எண்டு தர்சினி சொன்னவ."

குசினியில் இருந்த இருவரும் திரையில் இருந்த ஒருவருமாகத் தர்சினியைப் பார்த்தோம்.

"ஆத்தங்கரை எண்டு சொன்னனான்" என்றாள் அவள்.

"படகு எண்டு சொல்லேல்லை" என்றார் அன்ரி.

"சொன்னா நீங்கள் சித்தப்பாவை அனுப்பியிருப்பியள். அவர் போய்த் தட்டிப் பாத்திருப்பார்."

"தட்டலாம்" என்றார் குலேந்திரன் திரையிலிருந்து. "பின்பக்கம் மட்டும் கொஞ்சம் மெதுவாத் தட்டவேணும்."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. தர்சினி அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, போனமுறை சுவர் நல்லா இருந்தது. ஞாபகம் இருக்கோ? எல்லாச் சுவரும் நல்லா இருந்தது."

அன்ரி அடுப்பை அணைத்தார். வாழைக்காய் பாதி வெந்தபடி எண்ணெயிலேயே கிடந்தது. அவர் கதிரையில் அமர்ந்து தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வீட்டைக் காட்டும்" என்றார்.

சரிவு

குலேந்திரன் நீளச் சப்பாத்தைக் கழற்றி, வாளித் தண்ணீரில் கைகழுவி, ஏணியில் ஏறினார். திரையில் உள்ளே தெரிந்தது. எல்லாமே சரிவாக இருந்தது. திரைச்சீலை சுவரைவிட்டு விலகித் தொங்கியது. அன்ரி அறியாமலே தலையை ஒரு பக்கம் சாய்த்தார். நானும் சாய்த்திருந்தேன்.

அடுப்பில் ஒரு சட்டி இருந்தது. அது மட்டும் நேராக நின்றது.

"உது என்ன, அடுப்புக்குக் கீழை?"

"மரக்கட்டை மாமி. தண்ணி வத்தினால் வைக்கிறது, ஏறினால் எடுக்கிறது. இல்லாட்டிப் பருப்பு ஒரு பக்கத்துக்குப் போயிடும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்தான்."

"வீடு நேரா நிக்கவே நிக்காதோ?"

"தண்ணி வந்தா நேரா நிக்கும்."

"குளிர்?"

"குளிர்தான் மாமி."

"ஈரம்?"

"ஈரமும்தான். உடுப்பிலை பூஞ்சணம் பிடிக்கும். பலகையாலை ஏறி வரேக்கை மழையெண்டால் வழுக்கும். எல்லாம் அவவுக்குச் சொன்னனான்."

வாரம் முழுக்க அரிசி மூட்டையோடு நான் சுமந்து திரிந்த இரகசியங்களை அந்த மனிதர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார், நான் சொல்லியிருக்கக்கூடியதைவிடத் தெளிவாக. பிறகு வேலை கிடக்கிறது, தண்ணீர் வந்துவிடும் என்று விடைபெற்றார்.

திரை கறுத்தது. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

"நான் வேண்டாமெண்டால்?" என்றார் அன்ரி.

தர்சினி தொலைபேசியைக் கையில் எடுத்தாள். "வேண்டாமெண்டால் போகமாட்டன்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "உங்களை அழவைச்சிட்டுப் போய் அங்கை இருக்க என்னாலை ஏலாது. ஆனா வேண்டாமெண்டதை நீங்கள்தான் அவருக்குச் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன். இப்ப அவரைப் பாத்திட்டியள்தானே. எடுத்துச் சொல்லுங்கோ."

தொலைபேசியை அம்மாவின் முன்னால் தள்ளி வைத்தாள். அவளுடைய கை மேசையிலேயே இருந்தது. பாரவண்டிச் சாரதிகளை அதட்டுகிற அந்தக் கை, மேசையில் சிந்திய மிளகாய்த்தூளை ஓரமாகக் கூட்டியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அன்ரி தொலைபேசியைத் தொடவில்லை. எழுந்து போய்த் தொட்டியில் கிடந்த பெட்டியை எடுத்து, துடைத்து, தட்டில் கவிழ்த்து வைத்தார். அடுப்பை மறுபடி மூட்டினார்.

"என்னைப் பாக்கமுதல், எனக்குச் சுகமில்லையோ எண்டுதானே கேட்டது அந்தப் பிள்ளை" என்றார், முதுகைக் காட்டியபடி. எங்களுக்குச் சொன்னாரா எண்ணெய்க்குச் சொன்னாரா தெரியவில்லை. பிறகு குரலைத் தெளிவாக்கிக்கொண்டார்.

"சிவலிங்கத்தாருக்கு அது வீடு எண்டே இருக்கட்டும்."

தர்சினி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"தம்பி" என்றார் அன்ரி. "நீர் நாளைக்குக் கோயிலுக்கு வாறீர்."

அது கேள்வி இல்லை.

கோயில் மண்டபத்தில்

கேரம் டவுன்ஸ் கோயிலில் ஞாயிறு மதியப் பூசை முடிந்தால் சனம் சாமியை விட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு நகரும். சிவலிங்கம் அங்கிள் பட்டுவேட்டியில், கையில் தட்டோடு என்னைத் தேடி வந்தார். பக்கத்தில் அன்ரி ரசக் கிண்ணத்தோடு நின்றார். கொஞ்சம் தள்ளித் தர்சினி, யாரோ ஒருவரின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காதவள் போல நின்றாள்.

"நீர்தானோ ஐசே, அந்த இடத்திலை இருந்தனீர்?"

"ஓம் அங்கிள்."

"வீட்டைப் பாத்தனீரோ?"

"நேற்று வீடியோவிலை உள்ளுக்கும் பாத்தனான்."

"அத்திவாரம் எப்பிடி?"

அன்ரி ரசத்தைக் கிளறத் தொடங்கினார்.

"அந்தப் பக்கம் நிலம் மெதுமை அங்கிள்" என்றேன். "அதுக்கு ஏத்தமாதிரித்தான் செய்திருக்கினம்."

அங்கிள் தலையை ஆட்டினார். இன்னொரு கட்டட நிபுணரோடு பேசும் திருப்தி அவர் முகத்தில் இருந்தது. "முன்னாலை ஆறு எண்டு அண்ணி சொன்னவ. சனம் ஆறு எண்டு சொல்லும், போய்ப் பாத்தா ரெண்டு தெரு தள்ளி இருக்கும். உண்மையாக் கிட்டவோ?"

"தூரமே இல்லை அங்கிள். வீட்டுக்குக் கீழாலையே போகுது."

"அப்ப வெள்ளம் வந்தால்?"

"வெள்ளம் வந்தால் வீடும் எழும்பும்."

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். என் முகத்தில் அவருக்கு எதுவும் அகப்படவில்லை. நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லையே.

"வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்" என்றார் கடைசியில். "எல்லாத்தையும் யோசிச்சுக் கட்டியிருக்கிறான். அண்ணி, இதிலை விசாரிக்க இனி ஒண்டும் இல்லை. நான் சொல்லுறன், நீங்கள் ஓம் எண்டு சொல்லுங்கோ."

"நேற்றே சொல்லிப்போட்டன்" என்றார் அன்ரி, அவருடைய சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே.